உளவாளிக்கு ஒலி கொடுத்தவர்கள்

தும்மிக்கொண்டே பிறந்ததால் வாழ்நாளெல்லாம் துரதிர்ஷ்டம் துரத்தும் ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு அது. வி.எஸ்.நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவல் 1961-ல் வெளிவந்ததும், அதை இசை நாடகமாக்க ஒரு முயற்சி நடந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக டிரினிடாட் தீவுக்குக் கப்பலேறிய இந்தியர்களின் வாரிசுகள் நடமாடும் கதை. அதனால் இசையமைப்பாளர் மான்டி நார்மன் சித்தார் சாயலில் ‘பேட் சைன், குட் சைன்’ என்ற அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தார். நாடகம் மேடையேறவில்லை. பாட்டு மேசை இழுப்பறைக்குள் போய் முடங்கியது.

அடுத்த வருடமே அந்த மெட்டை நார்மன் வெளியே எடுத்தார். பாடல் வரிகளை நீக்கி, சித்தார் இடத்தில் கிடாரை வைத்து, நீண்ட ஸ்வரங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். இன்றைக்கு முதல் இரண்டு விநாடி கேட்டாலே சென்னையிலும் சியோலிலும் அடையாளம் தெரிகிற ஜேம்ஸ்பாண்ட் தீம், அந்தத் தும்மல் பாட்டிலிருந்து வந்ததுதான்.

ஆனால் மெட்டு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. உளவாளிப் படங்களின் இசை வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ரசிகர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது மெட்டு மட்டும் அல்ல. அந்த மெட்டு எந்த வாத்தியத்தில், யாருடைய விரலில், எந்தக் கூடத்தில், எவ்வளவு ஆவேசத்தோடு ஒலித்தது என்பதும்தான். அந்த இரண்டாவது பாதியைச் செய்தவர்களின் கதை இது.

1962-ல் ‘டாக்டர் நோ’ படத்தைத் தயாரித்த ஆல்பர்ட் புரோக்கோலிக்கும் ஹாரி சால்ட்ஸ்மனுக்கும் பெரிய பட்ஜெட் இல்லை. நார்மன் ஜமைக்கா படப்பிடிப்புக்கே போய், உள்ளூர் கலிப்ஸோ பாணியில் பாடல்கள் செய்து கொடுத்தார். அவை தீவின் வாசனையோடு நன்றாகவே வந்தன. ஆனால் டைட்டில் கார்டில் தோன்றப்போகிற அந்த மனிதனுக்கான இசை மட்டும் தயாரிப்பாளர்களுக்குத் திருப்தி தரவில்லை. அவசரமாக ஓர் இளைஞரைக் கூப்பிட்டார்கள். பெயர் ஜான் பேரி. வயது 28.

பேரியின் அப்பா இங்கிலாந்தின் வடபகுதியில் திரையரங்குகள் நடத்தியவர். பையன் படம் பார்த்தே வளர்ந்தான். டிரம்பெட் வாசித்தார், ராணுவ இசைக்குழுவில் இருந்தார், அமெரிக்க ஜாஸ் கலைஞர் பில் ரூசோவிடம் தபால் வழியாகவே வாத்தியங்களைக் கோக்கும் வித்தையைப் படித்தார். பிறகு ‘ஜான் பேரி செவன்’ என்ற குழுவை ஆரம்பித்து, எலெக்ட்ரிக் கிடாரை முன்னிறுத்தும் துள்ளலான இசையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இளைஞர்களின் ராக், இன்னொரு பக்கம் பித்தளை வாத்தியங்கள் முழங்கும் ஜாஸ். இரண்டும் அவர் கையில் இருந்தன. பாண்ட் தீமுக்கு அவர் கொண்டுவந்த முதலீடு அதுதான். படத்தைக்கூட அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. கையில் கிடைத்தது மெட்டும் கால அளவும். சம்பளம் சுமார் 250 பவுண்டு.

ஜூன் 1962. லண்டன் பேஸ்வாட்டரில் இருந்த சி.டி.எஸ். ஒலிப்பதிவுக் கூடம். பேரியின் குழுவில் முதன்மைக் கிடார் கலைஞர் விக் ஃப்ளிக், மெட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்தால் இன்னும் கனமாக இருக்கும் என்றார். அவரிடம் இருந்தது 1939-ல் செய்த கிளிஃபர்ட் எசெக்ஸ் பாரகன் கிடார். அதில் பொருத்திய பிக்கப் கம்பிக்கு நெருக்கமாக வரவேண்டும் என்பதற்காக, அதன் அடியில் நசுக்கிய சிகரெட் பெட்டி ஒன்றைச் செருகியிருந்தார். தடித்த அடிக்கம்பிகளைக் கெட்டியான பிளெக்ட்ரத்தால் அழுத்தி, தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் விழும்படி வாசித்தார். சுற்றிலும் சாக்ஸபோன்களும் டிரம்பெட்களும் டிராம்போன்களும். கிடாரின் ஒலி மற்றவர்களின் மைக்குகளிலும் கசிந்து கலந்தது. இன்றைக்கு ஒரு பொறியாளர் அந்தக் கசிவைத் தடுக்கத்தான் பார்ப்பார். அன்றைக்கு அந்தக் கசிவுதான் கிடாருக்கு ஒரு மர்மமான ஆழத்தைத் தந்தது.

நம் காதுக்குப் பழகிய கணக்கில் இந்த தீமைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவை. ஈ மைனர் சுருதியில் அமைந்தது. ‘ஸ’வைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு குரல் மட்டும் பஞ்சமத்திலிருந்து சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம் என்று அரை அரைப் படியாக ஏறி இறங்கும். ப, த1, த2, த1. முழு வாத்தியக் குழுவும் அந்த நான்கு படிகளையே சுற்றிச் சுற்றி வரும்போது, யாரோ பின்தொடர்ந்து வருகிற உணர்வு கேட்பவருக்குத் தானாக வந்துவிடுகிறது. கிடார் மெட்டு சாதாரண காந்தாரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. கடைசியில் நீண்டு நிற்கும் அந்த ஒற்றைக் கார்டில் ஸ, ரி2, க2, ப, நி3 ஐந்தும் சேர்ந்து ஒலிக்கின்றன. கீரவாணிக்கும் கௌரிமனோகரிக்கும் வித்தியாசம் தைவதம் மட்டும்தான். இந்தத் தீம் இரண்டு தைவதத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டு ராகங்களுக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்ல முடியாத ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்வர அமைப்பு கிடைக்காது. மேலை நாட்டு இசை மாணவர்கள் அந்தக் கடைசிக் கார்டுக்கு ‘ஸ்பை கார்ட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

டைட்டிலுக்கு என்று சொல்லி வாங்கிய இந்தப் பதிவைப் படத்தொகுப்பில் படம் நெடுக ஒட்டிவிட்டார்கள். பாண்ட் விமான நிலையத்தில் இறங்கினாலும் தீம், ஹோட்டல் அறைக்குள் நுழைந்தாலும் தீம். படம் வெளியானபோதுதான் தன் இசை எங்கெல்லாம் ஒலிக்கிறது என்று பேரிக்கே தெரிந்தது. ஆனாலும் திரையில் பெயர் நார்மனுடையது. ஒப்பந்தம் அப்படி.

யார் அதை எழுதியது என்ற சண்டை கடைசியில் நீதிமன்றம் வரை போனது. பேரிதான் உண்மையான படைப்பாளி என்று 1997-ல் ‘சண்டே டைம்ஸ்’ எழுத, நார்மன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2001-ல் லண்டன் நீதிமன்றத்தில் பேரி சாட்சிக் கூண்டில் நின்று, இசை தன்னுடையது என்றார். நார்மன் தரப்பு பிஸ்வாஸ் பாட்டைக் காட்டியது. நடுவர் குழு நார்மன் பக்கம் தீர்ப்பளித்தது. 30,000 பவுண்டு நஷ்டஈடு. மெட்டு நார்மனுடையது என்பதில் இனி சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் உலகம் அடையாளம் கண்டுகொள்ளும் அந்த ஒலியைச் செய்தவர்கள் பேரியும் ஃப்ளிக்கும் என்பதும் அதே அளவு உண்மை. மெட்டுக்கு உரிமைத் தொகை உண்டு. ஒரு மெட்டை ஒலியாக மாற்றுகிற கைக்கு, அன்றைக்கு மூன்று மணி நேர அமர்வுக்கான கூலி மட்டுமே. 1976-லிருந்து 1999 வரை மட்டும் நார்மனுக்கு இந்த மெட்டால் கிடைத்தது சுமார் 4,85,000 பவுண்டு என்று அந்த வழக்கில் தெரியவந்தது. சிகரெட் பெட்டி செருகிய கிடாரை வாசித்தவருக்கு அன்றைய கூலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. இது நியாயம் என்று எந்த இசை ரசிகராலும் சொல்ல முடியாது.

படத்துக்கு இசை பதிவு செய்வது என்பது, கோடம்பாக்கத்தில் ரீரெக்கார்டிங் என்று சொல்கிறோமே, அந்தக் காலத்தில் அடியும் அங்குலமுமாக அளந்து செய்த வேலை. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 90 அடி. இயக்குநரும் எடிட்டரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்த்து, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்கவேண்டும் என்று முடிவெடுப்பார்கள். கதவு எந்த அடியில் திறக்கிறது, துப்பாக்கி எந்த ஃபிரேமில் வெடிக்கிறது என்று பட்டியல் வரும். அதை வைத்துக்கொண்டு நொட்டேஷன் எழுதவேண்டும். பதிவு நாளில் திரையில் படம் ஓடும். கலைஞர்கள் அன்றைக்குத்தான் நொட்டேஷனை முதன்முதலாகப் பார்த்து வாசிப்பார்கள். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று காதில் ‘க்ளிக்’ கொடுத்தால், நிமிடத்துக்கு 120 தட்டு, கணக்கு பிசகாது. முக்கியமான தருணத்துக்கு முன்னால் ஃபிலிமில் கோடு கீறி வைப்பார்கள். திரையில் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். மறுமுனையைத் தொடும்போது கண்டக்டரின் கோல் இறங்கவேண்டும்.

உளவாளிப் படத்தில் இந்தக் கணக்கு இரட்டைச் சிக்கல். காதல் காட்சியில் இசை அரை விநாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. ஒருவன் இருட்டில் இழுப்பறையைத் துழாவும்போது அரை விநாடி முந்தினால், வரப்போகிற ஆபத்தை இசையே காட்டிக் கொடுத்துவிடும்.

பாடல், பின்னணி இரண்டும் சேர்ந்து முழுப் பொறுப்பும் பேரியின் கைக்கு வந்தது 1964-ல், ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில். அப்போது அவர் வீட்டில் தங்கியிருந்தார் ஓர் இளம் நடிகர், மைக்கேல் கெய்ன். ராத்திரி முழுக்க பியானோ சத்தம்; தூக்கமே இல்லை. காலையில் பேரி வாசித்துக் காட்டினார். அந்த மெட்டை உலகத்தில் முதலில் கேட்டவன் நான்தான் என்று கெய்ன் பிற்பாடு பெருமையோடு சொல்லிக்கொண்டார். பாடல் எழுத வந்த லெஸ்லி பிரிக்கஸும் ஆண்டனி நியூலியும் முதல் மூன்று ஸ்வரங்களைக் கேட்டதுமே ஹென்றி மான்சினியின் ‘மூன் ரிவர்’ பாட்டைப் பாட ஆரம்பித்துவிட, பேரிக்குக் கோபம் வந்தது. ஆனால் நான்காவது ஸ்வரத்திலிருந்து மெட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

பாடியவர் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்த ஷெர்லி பாஸி. வரிகள் வருவதற்கு முன்பே, வெறும் மெட்டைக் கேட்டே பாடச் சம்மதித்தார். பதிவு நடந்தது அதே ஆண்டு ஆகஸ்ட்டில். திரையில் டைட்டில் ஓடிக்கொண்டிருக்க, எழுத்துகள் முடியும் வரை கடைசி ஸ்வரத்தை அவர் விடக்கூடாது. எழுத்துகளோ முடிகிற வழியாக இல்லை. மூச்சுக்கு இடம் வேண்டும் என்று பாஸி தடுப்புக்குப் பின்னால் போய் உள்ளாடையைக் கழற்றிவிட்டு வந்து பாடினார். முகம் நீலம் பாரித்துப் போனதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசி ஸ்வரத்தை இன்றைக்குக் கேட்டாலும், ஒரு மனுஷியின் நுரையீரல் எல்லையைத் தொடுவது காதில் விழும். ஒட்டு வேலை, வெட்டு வேலை எதுவும் அந்த உண்மையைத் தந்திருக்காது.

தயாரிப்பாளர் சால்ட்ஸ்மனுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. மாற்ற நேரம் இல்லாததால் தப்பித்தது. 1965-ல் படத்தின் இசை ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அடுத்த படமான ‘தண்டர்பாலு’க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ‘மிஸ்டர் கிஸ் கிஸ் பேங் பேங்’ என்று பேரி ஒரு பாட்டைச் செய்து, பாஸி குரலிலும் டியோன் வார்விக் குரலிலும் பதிவு செய்து முடித்த பிறகு, பாட்டில் படத்தின் பெயர் வரவேண்டும் என்று கட்டளை வந்தது. அவசரமாகப் புதுப் பாட்டு. டாம் ஜோன்ஸ் பாடினார். ஆனால் பழைய மெட்டை நம்பி எழுதிய பின்னணி இசை படத்தில் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் அந்தப் படத்தில் டைட்டிலில் கேட்காத ஒரு மெட்டு காட்சிக்குக் காட்சி வந்து போகிறது.

பேரியின் மேதைமைக்குப் பாண்ட் படங்களைவிடப் பெரிய சாட்சி 1965-ல் வந்த ‘தி இப்க்ரஸ் ஃபைல்’ என்பது இந்தக் கட்டுரையின் துணிந்த கருத்து. தயாரிப்பாளர் அதே சால்ட்ஸ்மன். கதாநாயகன் அதே மைக்கேல் கெய்ன். ஆனால் ஹாரி பாமர் என்ற இந்த உளவாளி மூக்குக் கண்ணாடி போட்டவன், சூப்பர் மார்க்கெட்டில் டப்பாக்களைத் தேர்ந்தெடுப்பவன், தானே சமைப்பவன், மேலதிகாரியிடம் சம்பள உயர்வு கேட்பவன். அவனுக்கு டிரம்பெட் முழக்கம் ஒட்டாது. பேரி ‘சிம்பலம்’ என்ற ஹங்கேரிய வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தார். நம் சந்தூருக்கு உறவு. கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிப்பது. காபிக்கொட்டை அரைப்பது, பேப்பரைப் புரட்டுவது என்று பாமர் சாதாரணமாக எழுந்து நடமாடும் காலைக் காட்சியின் மேல் அந்த உலோகச் சொட்டுகள் விழும்போது, வீட்டுக்குள்ளேயே ஏதோ சரியில்லை என்று மனசு சொல்கிறது. ஓடுவதில்லை, சுடுவதில்லை, சந்தேகம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. 1949-ல் ‘தி தேர்ட் மேன்’ படத்துக்கு, வியன்னாவின் ஒயின் விடுதியில் வாசித்துக்கொண்டிருந்த ஆண்டன் காராஸைக் கண்டுபிடித்து, முழுப் படத்தையும் அவருடைய ஸிதர் என்ற கம்பி வாத்தியம் ஒன்றையே வைத்து நடத்திக் காட்டினார் இயக்குநர் கரோல் ரீட். பேரி அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் அதே காலத்தில் ஒரு பொறி பறந்தது. பியூனஸ் அயர்ஸில் பிறந்த லாலோ ஷிஃப்ரின், 1966-ல் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடருக்கு ஐந்து தட்டில் தீம் எழுதினார். கண்டத்தில் கை போட்டுப் பழகிய நம் ரசிகர்களுக்கு அது உடனே பிடிபடும். நாலு நாலாக எண்ணிப் பழகிய மேலை நாட்டுக் காதுக்கோ, ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் தரை கொஞ்சம் நழுவுகிறது. ஓட்டத்தின் பதற்றம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

தமிழ்ப் படங்களும் சும்மா இருக்கவில்லை. அதே 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ வந்தது. வேதாவின் இசையில் ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆனார். இருபது ஆண்டு கழித்து, சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ படத்துக்கு இளையராஜா சிந்தசைசரை முன்னிறுத்தி டைட்டில் பாட்டு அமைத்தபோது, உளவாளிக்கு லண்டன் கிடார் தேவையில்லை என்பது நிரூபணமானது.

சிந்தசைசரை பாண்ட் உலகத்துக்குள் கொண்டுவந்ததும் பேரிதான். 1969-ல் வெளியான ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தின் டைட்டில் இசையில், அடிநாதமாக உறுமுவது மோக் சிந்தசைசர். அப்போது அது புத்தம் புதுக் கருவி. அதுவரை பாண்டாக நடித்த ஷான் கானரி விலகி, புது நாயகன் வந்திருந்த படம். இசையும் புதுத் தெம்போடு வரவேண்டியிருந்தது.

பேரிக்கு வாழ்நாளில் ஐந்து ஆஸ்கர். ‘பார்ன் ஃப்ரீ’ படத்துக்கு இரண்டு; ‘தி லயன் இன் விண்டர்’, ‘அவுட் ஆஃப் ஆப்ரிக்கா’, ‘டான்சஸ் வித் உல்வ்ஸ்’ படங்களுக்கு ஒவ்வொன்று. பாண்ட் படங்களுக்கு ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. விறுவிறுப்பான படத்தின் இசையை வெறும் விறுவிறுப்பாகவே பார்க்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது போலும்.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் டேவிட் ஆர்னால்டுக்குத் தனி இடம் தரவேண்டும். 2006-ன் ‘கஸினோ ராயல்’ படத்தில் அவர் செய்தது, பழைய தீமை ஒளித்து வைத்தது. பாண்ட் இன்னும் முழு பாண்ட் ஆகாத கதை அது. அதனால் கிறிஸ் கார்னெலுடன் சேர்ந்து செய்த டைட்டில் பாட்டின் மெட்டையே படம் நெடுக அவனுக்குக் கொடுத்தார். சூட் போடும்போது, பழைய காரை ஜெயிக்கும்போது, அந்த அரைப்படி ஏற்றத்தின் நிழல் மட்டும் தெரியும், உடனே மறையும். கடைசிக் காட்சியில், கையில் துப்பாக்கியோடு நின்று தன் பெயரைச் சொன்ன பிறகுதான் கிடார் முழுசாக எழுகிறது. இரண்டேகால் மணி நேரம் காத்திருந்த அரங்கில் அப்போது எழுந்த கைத்தட்டல், இசையை நிறுத்தி வைப்பதும் இசையமைப்புதான் என்பதற்கான நேரடிச் சாட்சி.

2021-ன் ‘நோ டைம் டு டை’க்கு முதலில் அமர்த்திய இசையமைப்பாளர் விலக, ஹான்ஸ் ஸிம்மர் உள்ளே வந்தார். கிடாருக்கு மான்செஸ்டரின் ஜானி மார். அந்தப் படத்தில் ஸிம்மர் திரும்பத் திரும்பத் தொடுவது, 1969 படத்துக்காக பேரி மெட்டமைத்து, ஹால் டேவிட் வரி எழுதி, லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ‘வி ஹேவ் ஆல் தி டைம் இன் தி வேர்ல்ட்’ பாட்டின் மெட்டை. நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தபோது ஆம்ஸ்ட்ராங்குக்கு உடம்பு சரியில்லை. டிரம்பெட் வாசிக்க வலு இல்லாததால் அந்தப் பகுதியை வேறொருவர் வாசித்தார். இரண்டு வருடத்தில் அவர் காலமானார். வெளிவந்தபோது பாட்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1994-ல் கின்னஸ் பீர் விளம்பரத்தில் ஒலித்த பிறகுதான் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. ஸிம்மர் படத்தின் முடிவில் புதுப் பாடகர் யாரையும் தேடவில்லை. 1969-ன் அந்தப் பதிவையே அப்படியே ஒலிக்க விட்டார்.